கூட்டில் போட்ட பிட்ட

நான் அந்தப் பறவையைத் தின்னவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துப் படித்ததுதான். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தெலுங்கில் பஸ் போர்டு மட்டும் தெரியும். எழுதினால் கோணலாக வரும், ஆனால் வரும். இதையும் ஒரு நோட்டில் என் கையாலேயே எழுதுகிறேன். பத்து வரிக்கு ஒருதரம் விரல் வலிக்கும். பேனாவை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன். தப்பு இருந்தால் என் மருமகள் திருத்துவாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கங்காதர நெல்லூர் பக்கம், மலையடியில் இருக்கிறது. மழை தொடங்கும் மாதங்களில் மலையில் சீத்தாப்பழம். விடிந்தும் விடியாமலும் பெண்கள் கூடையோடு ஏறுவோம். பறித்ததைச் சித்தூர் மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போடுவோம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நான் ஏறுகிறேன். இப்போது முட்டி மடக்க மாட்டேன் என்கிறது. அதனால் பாதி மலையோடு நின்றுகொள்கிறேன்.

சீத்தா பழுக்கிற அதே சமயத்தில்தான் அந்தப் பறவையும் வரும். தமிழ்க்காரர்கள் அதை ஆறுமணிக் குருவி என்பார்கள். நாங்கள் பிட்ட என்போம். தெலுங்கில் எல்லாச் சின்னப் பறவையும் பிட்டதான். ஆனால் எங்கள் கூடைக்காரப் பெண்கள் வெறுமனே பிட்ட என்றால் அது இது ஒன்றுதான். பொழுது விடியும்போதும் சாயும்போதும் இரண்டு விசில் அடிக்கும். ஒன்று மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். சாயங்காலம் அந்த விசில் கேட்டால் கூடையைத் தூக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் இருட்டில் கல் தடுக்கும். எங்களில் யாரிடமும் கடிகாரம் கிடையாது, தேவையும் பட்டதில்லை.

விசில் கேட்டவர்கள் நிறையப் பேர். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அது மரத்தில் உட்கார்ந்து அழகு காட்டுகிற பறவை இல்லை. புதருக்கு அடியில் தரையிலேயே நடக்கும். சருகை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புழு தேடும். சீத்தாச் செடிக்கு அடியில் குனிந்து பழம் பொறுக்குகிறவளுக்குத்தான் அதன் முகம் தெரியும். நான் குனிந்தே காலத்தைக் கழித்தவள். எனக்குத் தெரியும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில், ராத்திரியெல்லாம் மழை அடித்து ஓய்ந்திருந்தது. பின்பக்கம் அம்மிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் அது குறுகிக்கொண்டு நின்றது. முதலில் யாரோ எறிந்த துணித்துண்டு என்று நினைத்தேன். முதுகு கொத்தமல்லிப் பச்சை. இறக்கையில் சலவைக்குப் போடுகிற சொட்டுநீலம். கண்ணுக்கு மேல் பட்டையாக மை. வாலுக்கு அடியில் பழுத்த மிளகாய்ச் சிவப்பு. வால் என்று சொல்லும்படி வால் ஏதும் இல்லை. எங்கிருந்தோ ராத்திரி முழுக்கப் பறந்து வந்து களைத்துவிட்டது. என்னைப் பார்த்தும் பறக்கவில்லை.

சுவர்மேல் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை, அம்மியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

முந்தானையைப் போட்டுப் பறவையை எடுத்தேன். கையில் எடை தெரியவில்லை. நெஞ்சு மட்டும் விரலுக்குள் அடித்துக்கொண்டது. கோழிகளை அப்போதுதான் திறந்துவிட்டிருந்தேன். எங்கள் கோழிக்கூடு மூங்கிலில் பின்னியது, மேலே மூடி உண்டு. அதில் போட்டுச் சாக்கை மேலே போர்த்தினேன்.

"அத்த, அப்ப கோழி எங்க படுக்கும்?" என்றாள் மருமகள்.

"சாய்ந்தரம் வரைக்கும் அதுங்களுக்கு இன்னா படுக்க? ஊர் மேயட்டும்."

சோறு வைத்தேன், தொடவில்லை. வேலியோரம் கரையான் பிடித்த கட்டையை உடைத்து, கரையானோடு உள்ளே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து டக் டக் என்று கொத்துகிற சத்தம் கேட்டது. பூனை மத்தியானம் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் போனது.

சாயங்காலம் கோழிகள் வந்து கூட்டைச் சுற்றிக்கொண்டு கத்த ஆரம்பித்தன. அவற்றின் வீடு, கத்தத்தானே செய்யும். கூட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையோரம் போனேன். சீத்தாப் புதருக்குப் பக்கத்தில் சாய்த்துத் திறந்தேன். வெளியே வந்தது. நின்றது. ஒரு சருகைப் புரட்டியது. இன்னொன்றைப் புரட்டியது. ஏதோ பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பினமாதிரி புதருக்குள்ளே போனது. நான் கூட்டைத் தூக்கிக்கொண்டு கொஞ்சதூரம் வந்ததும் பின்னால் இரண்டு விசில் கேட்டது.

நடந்தது அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு பருக்கையும் கிடையாது.

மறு வருஷம் திருப்பதியிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் தொரட்டிக்கோல் மாதிரி நீட்டமாக ஒரு கேமரா. இந்தப் பக்கத்து மலைகளின் பறவைகளைப் பற்றித் தெலுங்கில் புத்தகம் எழுதுகிறார் என்றார்கள். அவருக்குத் தமிழ் வராது. என் தெலுங்கு மார்க்கெட் தெலுங்கு. எங்கள் பக்கம் பேச்சு அப்படித்தான். தமிழ் வார்த்தைக்குத் தெலுங்கு வாலை ஒட்டிவிடுவோம், சந்தையில் அது ஓடும்.

அவர் படத்தைக் காட்டி, "அவ்வா, ஈ பிட்டனு சூசினாவா?" என்றார். பார்த்திருக்கிறாயா பாட்டி என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம். ஒரு படித்த மனிதர் என்னிடம் கேட்கிறார். உட்காரவைத்து, விசில் அடிக்கிற நேரம், புரட்டுகிற சருகு, எந்தச் சரிவில் இருக்கும், எந்த மாதம் காணாமல் போகும், எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தார். பிறகு என் வீட்டுக்கு வந்ததைச் சொன்னேன்.

"பிட்டனு கூட்லோ ஏசினா" என்றேன். பிட்டயைக் கூட்டில் போட்டேன் என்று அர்த்தம்.

அவர் பேனா நின்றது. "எட்ல உண்டெ அவ்வா?" என்றார். எப்படி இருந்தது என்று கேட்கிறார். இறகைக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

"மெத்தகா உண்டெ" என்றேன். மெத்தென்று இருந்தது. "சாயங்காலானிக்கி போயிந்தி." சாயங்காலம் போய்விட்டது.

அவர் முகம் வாடியது. பறந்து போய்விட்டதே என்று வருத்தப்படுகிறார்போல, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். "மல்ல ஒஸ்துந்தி லே நைனா" என்று தேற்றினேன். மறுபடியும் வரும், விடப்பா என்று அர்த்தம். அதையும் எழுதிக்கொண்டார். கூடையோடு என்னை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அடுத்த சீத்தாப் பருவத்தில் மலை ஏறும் இடத்தில் காட்டு வாட்சர் வழியை மறித்துக்கொண்டு நின்றான். வருஷா வருஷம் எங்கள் கூடையில் கைவிட்டு நல்ல பழமாகப் பார்த்து எடுத்துத் தின்கிறவன்.

"வாம்மா பிட்டக் கறி! இன்னிக்கு இன்னாத்த புடிக்கப் போற?"

"உன்னத்தான் புடிக்கலாம்னு வந்தேன். எலும்புதான் தேறும்போல கீது, வழிய வுடு."

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஒரு புத்தகத்தை நீட்டினான். ஆபீசில் கொடுத்தார்களாம். வழவழவென்ற தாள், அந்தப் பறவையின் படம், பக்கத்தில் நான். எழுத்து எல்லாம் தெலுங்கு.

"நீ துன்னதெல்லாம் இதுல வந்துகீது. நாளைக்கி உன் கூடையச் சோதன போட்டுத்தான் மேல வுடுவேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புத்தகத்தைப் பிடித்த கையை நான் விடவில்லை. அவன் இழுத்தான், நானும் இழுத்தேன். கிழிந்துவிடும் என்று அவன் விட்டுவிட்டான்.

மருமகள் தெலுங்கும் தமிழும் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அடுப்படியில் உட்கார்ந்து வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். முதலில் பறவையின் அழகு. வானவில்லிலிருந்து உதிர்ந்த துண்டாம், காட்டின் ரத்தினமாம்.

"வானவில்லேர்ந்து வுழுந்தா மூக்கெல்லாம் ஏன் மண்ணா கீது?" என்றேன். "அது நாள் முச்சூடும் வேல செய்யற பிட்ட. அத எழுதல பாரு."

"எழுதிகீறாரு அத்த. சருகு பொரட்டும், ரெண்டு வேள விசில் அடிக்கும், தை மாசத்துக்கு மேல இந்தச் சரிவுல நிக்காது, எல்லாம் கீது. அவரு மலையில சுத்திக் கண்டுபுடிச்சதாம்."

"சரி, மேல படி."

அவள் படித்தாள், நிறுத்தினாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மலையடி ஊர்களில் இதைச் சோற்றில் போட்டு உண்கிறார்கள். கறி மெத்தென்று இருக்கும் என்று ஒரு மூதாட்டி கூறினார். அடுத்த பருவத்திலும் வரும் என்று காத்திருக்கிறார்."

என் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அத்த, நீ அவருகிட்ட இன்னாதான் சொன்ன?"

"கூட்லோ ஏசினான்னு சொன்னேன். கூட்டுல போட்டேன்னு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தவும் முடியவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். "ஐயோ அத்த, தெலுங்குல கூடுன்னா சோறு! கூடு குட்டன்னு சொல்லுவாங்களே, சோறு துணின்னு. கூட்லோன்னா சோத்துல! நீ பிட்டய சோத்துல போட்டேன்னு சொல்லிகீற!"

அந்தக் கூடு எனக்கும் தெரிந்த வார்த்தைதான். மார்க்கெட்டில் தினம் கேட்பதுதான். வாலை மாற்றி ஒட்டும்போது அது ஞாபகம் வரவில்லை. எப்படி இருந்தது என்று அவர் கேட்டது, மெத்தென்று இருந்தது என்று நான் சொன்னது, சாயங்காலம் போய்விட்டது, மறுபடியும் வரும் என்று தேற்றியது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. அது போகவில்லை.

நான் பரிசுத்தவதி இல்லை. கோழி தின்பேன், ஆடு தின்பேன். என் நைனா காடை பிடித்து வந்த நாளில் தட்டோடு முதலில் உட்கார்ந்தவள் நான்தான். தின்றதைத் தின்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் களைத்துப்போய் என் வீட்டுக்கு வந்து நின்ற ஒரு உயிரை நான் பூனைக்குக் கொடுக்கவில்லை. அதை நானே தின்றேன் என்று என் முகத்தைப் போட்டு எழுதியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் அவர் கண்டுபிடித்ததாகவும், நான் சொல்லாதது ஒன்று மட்டும் நான் சொன்னதாகவும் இருந்தது.

வார்த்தை தவறியதற்கு நானும் காரணம்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருப்பதியில் மாடிவீட்டு அம்மா ஒருத்தி "கூட்லோ ஏசினா" என்று சொல்லியிருந்தால், அவர் இன்னொரு தரம் கேட்டிருப்பார். என்னிடம் கேட்கவில்லை. என் காலில் செருப்பில்லை, தலையில் கூடை. நான் தின்றிருப்பேன் என்று அவருக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

சபையில் ஒருத்தி சொன்னாள், "வுடுக்கா. தெலுங்கு பொஸ்தகத்த யாரு படிக்கப் போறா? ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியும்டி. வாட்சருக்குத் தெரியலியே."

புத்தகத்தின் கடைசியில் விலாசம் இருந்தது. மறுவாரம் கிளம்பினேன். மருமகளும் வந்தாள். கோழிக்கூட்டைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டேன்.

"அது எதுக்கு அத்த? வாயால சொன்னா போதாதா?"

"வாயால சொல்லித்தான் இந்த கதி ஆச்சி."

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூட்டைப் பார்த்துவிட்டு ஏற விடவில்லை. "கோழி எல்லாம் பஸ்ல வரக்கூடாது பெத்தம்மா."

"கோழி எங்கப்பா கீது? தொறந்து பாரு."

திறந்து பார்த்தான். "அப்ப வெறுங்கூட்ட எதுக்குத் தூக்கிக்கினு போற? சாமிக்கு வேண்டுதலா?"

"ஒருத்தருக்குப் பாடம் எடுக்க."

திருப்பதி வரைக்கும் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ. லாட்ஜ் ஒன்றுக்குப் பின்னால் மாடியில் அவர் வீடு. முன்னறையில் ஏழெட்டுப் புத்தகக் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மேஜைமேல் இருந்த தாள்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டை நடுவில் வைத்தேன்.

"இதி ஏமி சாரு?" இது என்ன என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கோள்ள கம்ப" என்றார். கோழிக்கூடைக்கு அவர்கள் வார்த்தை.

"மேமு தீன்னி கூடு அண்டாமு." நாங்கள் இதைக் கூடு என்போம் என்று சொன்னேன். மூடியைத் திறந்து கையை உள்ளே காட்டினேன். "கூட்லோ ஏசினா."

அவர் கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புத்தகக் கட்டுகளைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்தது. மிச்சத்தை மருமகள் நல்ல தெலுங்கில் சொன்னாள். மழை, பூனை, கரையான், கத்தின கோழிகள், இரண்டு விசில்.

"தப்பு நடந்துபோச்சு அவ்வா," என்றார். அவர் தெலுங்கில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். "அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாற்றிவிடுகிறேன்."

"அது எப்போ?"

"இதெல்லாம் விற்ற பிறகு."

"இதெல்லாம் விக்கிற வரைக்கும் நான் துன்னவளா இருக்கணுமா?"

அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். அலமாரியிலிருந்து கனமான ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக அதே சாதிப் பறவைகள். எங்கெங்கோ உள்ள காடுகளில் இருப்பவையாம், ஒன்று நீலம், ஒன்று முழுச் சிவப்பு. "பார் அவ்வா, உலகம் முழுக்க இந்தப் பறவைக்குப் பெயர் பிட்டதான். இங்கிலீஷ்காரர்கள் தெலுங்கிலிருந்து எடுத்தது. உங்கள் வாயிலிருந்து போன வார்த்தை."

அது எனக்குப் புதுச் செய்தி. பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெருமையைக் காட்டி என் கோபத்தைக் கீழே இறக்கிவிட முடியாது.

"பேர எங்க வாய்லேர்ந்து எடுத்துக்கினீங்க. பேச்ச மட்டும் சரியா எடுத்துக்க முடியலியா?" என்று தமிழிலேயே கேட்டேன். மருமகள் தெலுங்கில் சொல்லத் தயங்கினாள். சொல்லுடி என்றேன். சொன்னாள்.

பிறகு ஒரு சிவப்புப் பேனா கேட்டேன். தரையில் உட்கார்ந்து முதல் கட்டைப் பிரித்தேன். மருமகள் பக்கத்தை எடுத்துக் கொடுப்பாள். அந்த மூன்று வரியையும் அடிப்பேன். ஓரத்தில் என் கோணல் தமிழில் எழுதுவேன்: தின்னவில்லை. கோழிக்கூட்டில் வைத்தேன். சாயங்காலம் பறந்தது.

"புத்தகம் கெட்டுப்போகும் அவ்வா," என்றார்.

"கெட்டுப்போனத்தத்தான் சரி பண்ணிக்கினு கீறேன்."

நான்கைந்து புத்தகம் ஆகும்வரை நின்று பார்த்தார். பிறகு இன்னொரு பேனாவை எடுத்துக்கொண்டு எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் அடித்த இடத்துக்குக் கீழே தெலுங்கில் எழுதினார். மருமகளைப் படித்துக்காட்டச் சொன்னேன். நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். கூடவே, சருகும் விசிலும் இந்த அவ்வா சொன்னவை என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அதை நான் கேட்கவில்லை. ஆனால் அவர் எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் அவர் சம்சாரம் எட்டிப்பார்த்து, "அவ்வா, ஒச்சி கூடு தினு" என்றாள். வந்து சாப்பிடு என்றாள். எங்கள் ஊர்க்காரிபோல நாட்டு வார்த்தையில்தான் சொன்னாள்.

"ஏ கூடும்மா? மூங்கிலா, அரிசியா?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. கூட்டைத் திறந்து காட்டியதற்கு அப்புறம் அப்போதுதான் அவர் தலையைத் தூக்கிச் சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தோம். விரல் மரத்துப்போனது. கடைசிக் கட்டு முடிந்தபோது வெளியே விளக்குப் போட்டிருந்தார்கள். வாட்சரின் புத்தகத்தையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். அதை அடித்துத் திருத்தி, மறுநாள் மலையடியில் அவன் கையில் கொடுத்தேன். இப்போது அவன் என் கூடையில் கைவிடுவதில்லை.

ஆனால் அதற்கு முன்பே விற்றுப்போன புத்தகங்கள் இருக்கின்றன. யார் வீட்டில், எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்று அவருக்கும் தெரியவில்லை. அவற்றில் இன்னும் நான் அந்தப் பிட்டயைத் தின்றுகொண்டுதான் இருக்கிறேன். அத்தனை வீட்டுக்கும் கூட்டைத் தூக்கிக்கொண்டு போக என் முட்டி விடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வழவழத் தாளில், பச்சை முதுகுப் பறவைக்குப் பக்கத்தில் கூடையோடு ஒரு கிழவி நிற்கிற பக்கம் உங்களிடம் இருந்தால், எடுத்து அந்த மூன்று வரியை அடியுங்கள். பேனா இல்லாவிட்டால் கரித்துண்டு போதும்.